சமய உபதேசம் கேட்போரைப் பிரிப்பது ஏன்?

1987-ஆம் ஆண்டில் நான் ஆரணியில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் சமய ஒற்றுமையைப் பற்றிப் பேச நேர்ந்தது. ஆறுகள் பல, கடல் ஒன்று. வழிகள் பல, சேருமிடம் ஒன்று. எல்லாச் சமயங்களும் கூறுவது ஒன்றே என்று விளக்கினேன். பாடம் செவ்வனே நடந்தது என்று என் மனத்தில் ஒரு நிறைவும் பிறந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, எல்லாம் ஒன்றுதான் என்றால் எங்கள் சித்தப்பா ஏன் தறியை விட்டுப் போனார்?” என்று கேட்டான். வகுப்பு சிரிக்கவில்லை. அவன் வீட்டுச் செய்தி ஊருக்கே தெரியும். மணி அடித்தது, நான் விடை கூறாமல் வெளியே வந்தேன்.

அவன் கேட்டதன் பொருள் விளங்க வேண்டுமானால் பட்டுத் தறியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் குழியில் அமர்ந்து இரண்டை ஓட்டுவார். மூன்றாவதைக் கரைப்பக்கம் இருந்து வீச இன்னொருவர் வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் நடக்காவிட்டால் கரை உடலோடு கூடாது. அந்த வீட்டில் அண்ணன் குழியில் இருப்பார். தம்பி கரைப்பக்கம் இருப்பார். தம்பி ஒரு சபையின் கூட்டங்களுக்குப் போய் உபதேசம் கேட்டு, சில மாதங்களில் ஞானஸ்நானமும் பெற்றார். ஆடி மாதம் வந்தது. அம்மனுக்கு வார்த்த கூழைக் கையால் தொடவும் கூடாது என்று அச்சபையில் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் தொடவில்லை. “தாய் கொடுத்த கூழைத் தொடாதவன் என் தறியைத் தொட வேண்டாம்” என்றார் அண்ணன். பாதி நெய்த புடவை தறியிலேயே நின்றது. தம்பியின் இடத்தில் அண்ணன் மகன் உட்கார்த்தப்பட்டான். அவன்தான் என் மாணவன். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவான். மற்ற நாள் நாடா வீசுவான். அத்தகைய சிறுவனிடம் ஆறும் கடலும் உவமை சொல்லிப் பயன் என்ன?

அவனுக்கு அன்று நான் சொல்லாத விடையைத் தேடவே பிற்காலத்தில் சில நூல்களைப் புரட்டினேன். கணிதம் கற்பிக்கும்போது வகுப்பு பிரிவதில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்றால், அதை ஒப்புக்கொள்வதற்காக எவனும் தன் வீட்டையோ உணவையோ மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சமய உபதேசமோ அறிவை மட்டும் கேட்பதில்லை; வாழ்வைக் கேட்கிறது. “இது உண்மை” என்று சொல்லி அது நிற்பதில்லை. “ஆதலின் நீ இனி இப்படி நட” என்று தொடர்கிறது. ஒரே சொல்லைப் பத்துப் பேர் கேட்டாலும், அதற்காக அவர்கள் விட வேண்டியவை பத்து விதம். ஒருவனுக்கு ஒரு பழக்கம். ஒருவனுக்கு ஒரு பதவி. ஒருவனுக்குத் தாயின் முகம். ஆதலால் விடையும் பலவாகிறது.

இது கிறிஸ்தவ சமயத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டு வரலாற்றில் திருநாவுக்கரசரை எண்ணிப் பாருங்கள். தம்பி சமணம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுரத்தில் புகழ் பெற்றிருந்தார். தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் சிவபெருமானை வழிபட்டிருந்தார் என்று பெரியபுராணம் கூறும். ஒரு வயிற்றிற் பிறந்த இருவரை உபதேசம் இரு திசையில் நிறுத்தியது. அந்தப் பழைய வழக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆரணிக்கு அருகிலுள்ள பூண்டியிலும், போளூர் வட்டாரத்துத் திருமலையிலும் சமணக் கோயில்கள் வழிபாட்டோடு விளங்குகின்றன. சைவ ஊர்களுக்கு நடுவே தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் உழுது வாழ்கின்றன.

இயேசுநாதர் இப்பிரிவை எதிர்பாராதவர் அல்லர். அவர் கூறிய விதைப்பவன் கதையில் விதை ஒன்றுதான். விழுந்த நிலம் வேறு. வழியோரம், பாறை, முட்புதர், நல்ல நிலம் என நான்கு. பவுல் அப்போஸ்தலர் ஏதென்ஸ் நகரத்து அறிஞர்முன் பேசியபோதும் அவையில் மூன்று வகையினர் எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. சிலர் எள்ளினர், சிலர் மறுபடியும் கேட்போம் என்றனர், சிலர் நம்பினர். நல்ல ஆசிரியனுக்கும் இவ்வளவுதான் கிடைக்கும் என்பது எனக்கு ஒருவகையில் ஆறுதல்!

எங்கள் பள்ளியில் கிறிஸ்தவத் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். கிரேக்க மொழியும் சிறிது பயின்றவர். யோவான் எழுதிய சுவிசேஷத்தில், இயேசுவை முன்னிட்டு மக்களுக்குள் பிரிவினை உண்டாயிற்று என்னும் செய்தி மூன்று இடங்களில் வருகிறது என்றும், அங்கே வழங்கும் ‘ஸ்கிஸ்மா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கிழிசல் என்பதே நேர்ப்பொருள் என்றும் அவர் எனக்குச் சொன்னார். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று மத்தேயு எழுதிய இடத்திலும் அதே சொல்தான் என்றார். நெசவாளர் ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. இழை அறுந்தால் முடிந்துவிடலாம். துணி கிழிந்தால் எத்துணை நுட்பமாக இழையோட்டினாலும் தழும்பு தெரியும்.

ஆரணிக்குக் கிறிஸ்தவ உபதேசம் வந்த வழியைப் பார்த்தால் இப்பொருள் இன்னும் தெளிவாகும். அமெரிக்க மருத்துவரான ஜான் ஸ்கடர் 1819-இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பில் நெடுங்காலம் தங்கி, 1836-இல் சென்னைக்கு மாறினார். அவர் மக்கள் 1853-இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினர். ஆரணியும் அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. ஆங்கிலப் பள்ளி நடத்துவதைவிட ஊர் ஊராகச் சென்று தமிழிலேயே உபதேசிப்பதுதான் முதற்கடமை என்பது தொடக்கத்தில் அவர்கள் கொள்கை. அச்சகோதரருள் மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822-இல் பண்டத்தரிப்பில் பிறந்தவர்.

அதே 1822-இல், அதே யாழ்ப்பாணத்தில், நல்லூரில் பிறந்தார் இன்னொருவர். அவரே ஆறுமுக நாவலர். ஒருவர் உபதேசத்தைச் சுமந்து எங்கள் ஊர்ப்பக்கம் வந்த குடும்பத்தினர். மற்றவர் அவ்வுபதேசத்தை எதிர்த்து நின்றோருள் தலையாயவர். நாவலர் அயலிலிருந்து எதிர்த்தவர் அல்லர். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவலின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவர். விவிலியத்தை அவ்வளவு நெருங்கி வரிவரியாகப் படித்த சைவர் அந்நாளில் மிகச் சிலரே இருப்பர். அவ்வுழைப்புக்குப் பின் அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854-இல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் மறுப்பு நூலை வெளியிட்டார். கோயில் கிரியைகளைப் பாதிரிமார் பழித்ததற்கு விடையாக, யூதர்களின் ஆலயத்திலும் விளக்கும் தூபமும் பலியும் இருந்தனவே என்று விவிலியத்தைக் கொண்டே வாதிட்டார். கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை என்று யாரும் இவரைப்பற்றிச் சொல்ல முடியாது. நன்றாகக் கேட்டதனாலேயே மறுத்தார்.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் தொடங்கிய செமினரியிலும் இத்தகைய காட்சியைக் காணலாம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பினார். கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தமிழுக்குப் பெருந்தொண்டு புரிந்தார். அச்செமினரியில் பயின்ற வேறு பலர் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்து சபைக்கு உழைத்தனர். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். இதைப் பார்த்த பிறகு, உபதேசத்தை ஏற்றவன் அறிவுடையவன் என்றோ, மறுத்தவன் கல்நெஞ்சன் என்றோ, அன்றி இதனைத் தலைகீழாகவோ, நான் சொல்வதில்லை.

இனி, கேட்பவன் இழப்பது என்ன என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மதம் மாறியவன் சாதியை மட்டுமன்றிப் பிதிரார்ச்சித சொத்தில் உரிமையையும் இழக்க நேர்ந்தது. 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் அவ்விழப்பை நீக்கியது. அதற்குச் சென்னை இராசதானியில் எதிர்ப்பும் எழுந்தது. உடன்பிறந்தார் சினம் முழுவதும் கடவுளைப் பற்றியதாக இருந்திராது. ஒரு காணி நிலத்தைப் பற்றியதாகவும் இருந்திருக்கும். மறுபுறத்தில், 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை இந்துக்களுக்கே அத்தகுதியை அளித்தது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆர்க்காடு மிஷனில் சேர்ந்தவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆகவே ஒரு வீட்டில் அண்ணனுக்குச் சான்றிதழ் உண்டு, ஞானஸ்நானம் பெற்ற தம்பிக்கு இல்லை என்னும் நிலை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதன்று. தலைமையாசிரியன் என்ற முறையில் விண்ணப்பப் படிவங்களில் சமயம் என்னும் கட்டத்தின் எதிரே பெற்றோர் பேனாவை வைத்துத் தயங்கி நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம்பியவர்களும் ஒன்றாக நின்றுவிடவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெரும்புலவர். சுவார்ட்ஸ் பாதிரியாரால் வளர்க்கப்பட்டவர். சரபோசி மன்னரின் ஆதரவு பெற்றவர். புதிதாக வந்த மிஷனரிமார் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தியதையும், ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர வேண்டும் என்று வற்புறுத்தியதையும், பழைய தமிழ் வழக்கங்களைத் தடுத்ததையும் அவர் எதிர்த்தார். 1829-இல் மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினர். சாதியைப் பற்றிய அளவில் என் உள்ளம் பேராயர் பக்கமே. பாட்டையும் பண்பாட்டையும் பற்றிய அளவில் சாஸ்திரியார் பக்கம். ஒரே சண்டையில் இருவரும் ஒவ்வொரு பகுதியில் சரியாக இருக்கக்கூடும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அன்றியும், மேல்நாட்டில் மூண்ட பிணக்குகளெல்லாம் கப்பலேறி இங்கு வந்தன. இங்கிலாந்துக்காரர் சண்டையில் தமிழனுக்கு என்ன பங்கு? ஆயினும் அவன் ஆங்கிலிக்கன் என்றும் மெதடிஸ்ட் என்றும் பிரிந்து நின்றான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் வே. சா. அசரியா பேராயர் முதலிய 33 பேர் கூடினர், பெரும்பாலோர் இந்தியர். இப்பிரிவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல, நம்மீது சுமத்தப்பட்டவை என்று அறிந்து, ஒன்றுசேர வழி தேடினர். பேச்சு நடந்து நடந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆர்க்காடு மிஷனின் சபைகளும் அதில் இணைந்தன. அசரியா அதைக் காண இருக்கவில்லை, 1945-இல் மறைந்தார்.

பிறரோடு நேரும் பிரிவைக் கிறிஸ்தவ நம்பிக்கையாளர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? நான் பார்த்தவரையில் ஒருவகையினர் பிரிவையே சான்றிதழாகக் கொள்வர். வீடு எதிர்த்தால் உபதேசம் உண்மை என்பதற்கு அதுவே அடையாளம் என்பர். சமாதானத்தை அன்று, பட்டயத்தைக் கொண்டுவந்தேன் என்ற பொருளில் இயேசு சொன்னதை எடுத்துக்காட்டுவர். எங்கள் தமிழாசிரியர் இதை ஒப்பவில்லை. அது நேரப்போவதைக் கூறும் எச்சரிக்கை. பட்டயத்தை நீ உன் கையில் எடு என்னும் கட்டளை அன்று என்பது அவர் கருத்து. கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதியதை அவர் காட்டுவார். நம்பாத மனைவியோ கணவனோ உடன்வாழ இசைந்தால் நம்பியவர் விலகக் கூடாது என்கிறார் பவுல். விக்கிரகத்துக்குப் படைத்த உணவைப் பற்றியும் அதே கடிதத்தில் நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. உண்ணாதே என்று சொல்லும் இடமும் உண்டு. முன்வைத்ததைக் கேள்வி கேளாது உண் என்று சொல்லும் இடமும் உண்டு. யாருடைய மனம் புண்படும் என்பதைப் பார் என்பதும் உண்டு. ஆடிக் கூழின் வழக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது!

இன்னொரு வகையினர், பிரிந்து வந்த வீட்டின் செல்வத்தைத் தூக்கி எறியாதவர். வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். தமிழ்க் காப்பிய மரபை அவர் உடன் கொண்டுபோனார். பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கதையைத் தழுவி, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைத் தந்தார். கம்பனைக் கற்ற செவிக்கு அந்நூலின் ஓசை அந்நியமாகப் படாது.

என் மாணவன் வீட்டுக் கதையைப் பாதியில் விட்டேன். ஒரு ஞாயிறு மாலை நானும் தமிழாசிரியரும் முதலில் தம்பியிடம் போனோம். பையன் பள்ளிக்கு வராததை நான் சொன்னேன். தமிழாசிரியர் அதிகம் பேசவில்லை. “தம்பி, கூழ் வேண்டாம் என்று நீ சொன்னது உன் மனச்சாட்சி. தறி வேண்டாம் என்று உனக்கு எந்த வேதம் சொன்னது?” என்று மட்டும் கேட்டார். அண்ணனிடம் நான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், காப்பி வந்தது, விடை வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தம்பி வந்து கரைப்பக்கம் உட்கார்ந்தாராம். அண்ணன் எழுந்து போகவும் இல்லை, பேசவும் இல்லை. நாடா ஓடியது. சபையில் சிலர் தம்பியைக் கடிந்துகொண்டனர். உறவினர் சிலர் அண்ணனைக் கடிந்துகொண்டனர். பேச்சுத் தொடங்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. தாயார் இறந்தபோது சடங்குகளை அண்ணன் செய்தார். தம்பி பாடைக்குத் தோள் கொடுத்து ஆற்றங்கரை வரை நடந்தார். அங்கே சற்று விலகி நின்றார். அவர் விலகி நின்றது சரியா என்று ஊரில் இன்றும் இருவேறு கருத்து உண்டு.

பையன் அந்த வாரமே வகுப்புக்கு வந்துவிட்டான். அவன் கேட்ட கேள்விக்கு விடையாக, எல்லாம் ஒன்றே என்று நான் சொன்னது தவறு என்று வகுப்பின்முன் ஒப்புக்கொண்டேன். வேறானவை வேறாகவே இருக்கின்றன. உன் சித்தப்பா அதை உண்மையாக எடுத்துக்கொண்டார், உன் தந்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார் என்றேன். “அப்படியானால் யார் சொன்னது சரி ஐயா?” என்றான். அதை நீ இருபது வயதுக்குமேல் நீயே படித்து முடிவு செய்ய வேண்டும். அதுவரை உன் நாடாவைச் சித்தப்பா வீசட்டும் என்றேன்.

அவன் இப்போது ஆசிரியனாக இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று சித்தப்பா வீட்டிலிருந்து அவன் வீட்டுக்குப் பலகாரத் தட்டு வருகிறது. ஆடியில் கூழ் அனுப்பலாமா, வேண்டாமா என்று அவன் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பேச்சு நடக்கிறதாம். சென்ற ஆண்டு, படைப்பதற்கு முன்பே ஒரு பானை தனியே எடுத்துவைத்து அனுப்பினார்களாம்.